அக்டோபர் பதினாலுக்குள்

30 மே 1993, ஞாயிறு

டிரங்குப் பெட்டியைத் துடைத்தபோது லைசென்ஸ் புத்தகம் கையில் வந்தது. வருகிற அக்டோபர் பதினாலோடு முடிகிறது. ஐந்து வருஷம் ஓடிவிட்டதா? போட்டோவில் இருப்பவள் பி.ஏ. இரண்டாம் வருஷம். பிளாஸ்டிக் தோடு. கேமராவைப் பார்க்காமல் பக்கத்தில் எதையோ பார்க்கிறாள். இன்னும் அப்படித்தான் பார்க்கிறேன்.

நைனா ராணுவ டேங்க் பேக்டரியில் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். குவார்ட்டர்ஸில் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் யாருடைய அம்பாசடரையாவது கேட்டு வாங்கி வருவார். "பி.ஏ. ஊர்ல எல்லார்கிட்டயும் கீது தாட்சா. ஸ்டியரிங் புடிக்கிற பொண்ணு எத்தினி பேர் கீறாங்க?" என்பார். வகுப்பில் வருகைப் பதிவுக்குக்கூடக் குரல் வராதவள் நான். வண்டியில் அந்தத் தொல்லை இல்லை. எல்லாரும் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். யார் முகத்தையும் யாரும் பார்க்க வேண்டாம்.

சாயங்காலம் பால்ராஜ் அண்ணன் வந்திருந்தார். நைனாவின் பழைய சிநேகிதர், அம்பத்தூர் ஓ.டி.யில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். பெண்கள் வந்து விசாரிக்கிறார்களாம், சொல்லிக்கொடுப்பது ஆண் என்றதும் திரும்பிப் போய்விடுகிறார்களாம். என்னை வரச் சொல்கிறார். "ஒண்ணுதாம்மா. லைசென்ஸ் ஒரு நாள் கூட விட்டுப் போயிருக்கக் கூடாது. அஞ்சு வருஷம் விடாம உயிரோட இருந்தாத்தான் உன் பேருக்குப் பர்மிஷன் கேக்க முடியும். ஆயுத பூஜைக்கு வண்டிக்கு மாலை போட்டு ஆரம்பிச்சிடலாம்."

வேலை. எனக்கு. டியூஷன் பிள்ளைகளின் காது திருகும் வேலை இல்லை, வேலை.

இன்னொன்றும் இருக்கிறது. காட்டுப்பாக்கத்திலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் சரி சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை பாஸ்கரன், பாடியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். என்னைக் கேட்டார்களா? கேட்டார்கள். நான் தரையைப் பார்த்தேன். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

13 ஜூன், ஞாயிறு

நிச்சயம் முடிந்தது. கல்யாணம் ஆவணி பதின்மூன்று.

மாப்பிள்ளையின் அம்மா ஜெகதாம்பாள் போன வாரமே சொல்லிவிட்டிருந்தார்கள்: "கல்யாணத்துக்கு அப்புறம் ரேஷன் கார்டுக்கு அலையறது பெரும்பாடு சம்பந்தி. பொண்ணு பேரை இப்பவே எடுத்துக் குடுத்துடுங்க, எங்க கார்டுல ஏத்திக்கிறேன்." அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்துக்கு முன்பே மருமகளாக எழுதிக்கொள்கிறார்களே என்று. வெயிலில் வரிசையில் நின்று என் பெயரை எடுத்த சீட்டை வாங்கிவந்து இன்று தட்டில் வைத்துவிட்டாள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், கதம்பம், அதன்மேல் மடித்த காகிதமாக நான்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் அம்மாவை மெச்சினார்கள். எல்லாம் முறையாகச் செய்கிறாளாம் அங்கம்மா.

ராத்திரி எங்கள் கார்டைப் பிரித்துப் பார்த்தேன். து. தாட்சாயிணி, மகள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கிறார்கள்.

24 ஜூன்

காட்டுப்பாக்கம் கார்டில் ஏற்றியாகிவிட்டதாம். என் பங்கு சர்க்கரையையும் வாங்கிவிட்டார்களாம். நான் போகாத வீட்டில் என் காபியைக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

11 ஜூலை, ஞாயிறு

ஆடி பிறப்பதற்குள் கூறைப்புடவை எடுத்துவிட வேண்டும் என்று இரு வீட்டாரும் ஒரே டாக்சியில் காஞ்சிபுரம் போனோம். எங்கள் பக்கம் மூன்று பேர். அவர்கள் பக்கம் ஜெகதாம்பாள் அம்மா, மாப்பிள்ளை, அவருடைய மாமா. மாம்பழ நிறப் புடவை. பிடித்திருந்தது. யாரும் கேட்கவில்லை.

திரும்பும்போது திருமழிசை அருகே டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வாந்தி எடுத்தார். கண் சொருகியது. இருட்டிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளையும் மாமாவும் இறங்கி நின்று ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார்கள். வேறு டிரைவர் முளைத்து வருவான் என்பதுபோல.

நைனாதான் சொன்னார். "தாட்சா ஓட்டும்." அவருக்குக் கண்ணில் புரை, ராத்திரியில் ஓட்டுவதில்லை.

போய் உட்கார்ந்தேன். கண்ணாடியைத் திருப்பிக்கொண்டேன். கியர் விழுந்தது. பூந்தமல்லியில் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு பஸ் சட்டென்று வெளியே வந்தது. நான் முன்கூட்டியே பார்த்துவிட்டேன். ஒதுங்கி, நிதானமாகத் தாண்டினேன். நைனா தொடையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். சின்ன வயதில் நான் சரியாக ஓட்டினால் அப்படித்தான் செய்வார். வண்டியில் வேறு யாரும் பேசவில்லை. எல்லாருக்கும் களைப்பு என்று நினைத்தேன்.

காட்டுப்பாக்கத்தில் அவர்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது தெருவில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

எனக்கு இன்று சந்தோஷம். அதை எழுதிவைக்கிறேன்.

15 ஜூலை

மாப்பிள்ளையின் மாமா வந்து போனார். விஷயமாக வரவில்லையாம், இந்தப் பக்கம் வந்தாராம். காபி குடித்துக்கொண்டே சொன்னார்: "ஆம்பளைங்க நாலு பேரு குந்திகினு வர, பொண்ணு ஓட்டிகினு வந்துச்சா, தெருவே பாத்துச்சு. அக்கா சிரிச்சிகினேதான் சொல்லிச்சு. மருமவ வருவான்னு பாத்தா டிரைவர் வந்துட்டாளேன்னு."

அம்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

18 ஆகஸ்ட், புதன்

ஆவணி பிறந்த மறுநாள் சம்பந்தத்தை முறித்துவிட்டார்கள். மாமா இன்று வாசலோடு நின்றுகொண்டார். ஜாதகத்தில் ஏதோ இப்போது தெரிந்ததாம். ஜாதகமே பார்க்காமல் சாமியிடம் பூ கேட்டுப் பேசிய சம்பந்தம் இது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஒரு அரை மணி நேரம் சும்மா குந்திகினு வந்திருக்கக் கூடாதா? வேற வண்டி வராமலா போயிருக்கும்? ஒம் பவுசைக் காட்டணுமா அங்க?"

என்ன பவுசு. வாந்தி எடுத்துகினு கெடந்தான் அந்தாளு. நடுரோட்டுல ராத்திரி முழுக்க நின்னிருக்கணுமா? ஓட்டத் தெரியாத மாதிரி நடிச்சிருக்கணுமா? எத்தினி நாளைக்கு? — இதெல்லாம் இங்கே எழுதுகிறேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நைனா கிணற்றடியில் இருந்தார். எனக்கு ஆதரவாக ஏதாவது சொல்வார் என்று போய் நின்றேன். வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கத்துக் குடுத்திருக்கக் கூடாது."

அவ்வளவுதான்.

29 ஆகஸ்ட்

ஆவணி பதின்மூன்று. இட்லி. துணி துவைத்தேன்.

6 செப்டம்பர், திங்கள்

லைசென்ஸ் ஒன்றுதான் மிச்சம். பால்ராஜ் அண்ணன் வேலையை வைத்திருக்கிறார், அக்டோபருக்குள் புதுப்பித்துவிட்டால். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தனியாகப் போனேன். ஜன்னலில் என் பெயரை மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறைதான் எனக்கே கேட்டது.

லைசென்ஸில் இருப்பது குவார்ட்டர்ஸ் விலாசம். நைனா ரிடையர் ஆனதும் காலி செய்துவிட்டோம், இப்போது கோவில்பதாகை. அதனால் ரேஷன் கார்டு வேண்டும் என்றார்கள். எடுத்துப்போயிருந்தேன். கிளார்க் பிரித்துப் பார்த்தார்.

"கோடு போட்டிருக்கேம்மா. கல்யாணமா, சாவா?"

சிவப்புக் கோட்டுக்கு அந்த இரண்டே காரணம்தான் போலிருக்கிறது. உயிரோடு நிற்கிறேன், அதனால் கல்யாணம் என்றேன்.

"அப்ப புருஷன் ஊட்டுக் கார்டைக் கொண்டா."

டிகிரி சர்டிபிகேட்டையும் எடுத்து வைத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. பல்கலைக்கழக முத்திரை இருக்கிறது, துணைவேந்தர் கையெழுத்து இருக்கிறது. விலாசம் இல்லை.

வெளியே மரத்தடியில் சின்னப்பையன் என்று ஒரு புரோக்கர். பெயர்தான் அப்படி, வழுக்கைத் தலை. இவராவது முடித்துக் கொடுப்பார் என்று நினைத்தேன். "யாரு ஊட்டுக் கார்டா இருந்தாலும் சரி தங்கச்சி, அதுல உம் பேரு இருக்கணும். புது ஆபீசரு கார்டைப் பாக்காம பேனாவையே தொறக்க மாட்டேன்றான். இல்லன்னா நானே உனக்கு அண்ணனா கையெழுத்துப் போட்டிருப்பேன்."

8 செப்டம்பர்

ரேஷன் ஆபீஸ். எங்கள் கார்டில் என்னைத் திரும்பச் சேர்க்க முடியுமா? முடியும். எந்தக் கார்டில் இருக்கிறேனோ அங்கே நீக்கி, சீட்டு வாங்கி வர வேண்டும். அதை யார் கேட்க வேண்டும்? அந்தக் கார்டுக்கு உரியவர்.

அந்தக் கார்டுக்கு உரியவர் ஜெகதாம்பாள்.

அம்மாவிடம் சொன்னேன். "இப்ப எதுக்கு அவசரம்? நாளைக்கு வேற எடம் அமைஞ்சா அங்க ஏத்திக்குவாங்க. பொண்ணுன்னா எப்பவும் வேற ஊட்டுக் கார்டுதானே?" என்றாள். அவர்களிடம் கேட்டு வாங்கித் தருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. நைனாவும் சொல்லவில்லை. அவர்களுக்கு அந்தத் தெருவில் கால் வைக்க மானம் போகிறது. எனக்கு மட்டும் போகாதா?

19 செப்டம்பர், ஞாயிறு

நானே போனேன். பூந்தமல்லி வரை ஒரு பஸ், அங்கிருந்து ஒரு பஸ்.

ஜெகதாம்பாள் அம்மா விரட்டவில்லை. பாய் போட்டார்கள். காபி கொடுத்தார்கள். சொல்லவேண்டியதை பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்திருந்தேன்: என் பெயரை நீக்கிச் சீட்டு வாங்கித் தாருங்கள், அக்டோபர் பதினாலுக்குள் வேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும். சொல்லிவிட்டேன். குரல் பிசிறியது, ஆனாலும் முழுசாகச் சொன்னேன்.

கார்டு, ரேஷன் அரிசி வாங்கிவருகிற ஆளிடம் இருக்கிறதாம். கார்டு காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்தது, முனை தெரிந்தது. நான் பார்த்ததை அவர்களும் பார்த்தார்கள்.

அப்புறம் உள்ளதைச் சொன்னார்கள். "தப்பா நெனக்காத கண்ணு. இப்ப எடுத்துட்டா யூனிட் கொறைஞ்சிடும். திரும்ப ஏத்தறதுக்குள்ள உயிர் பூடும். இவனுக்கு வேற பாத்துகினு கீறோம். அந்தப் பொண்ணு வரட்டும், ஒன்னை எடுத்துட்டு அவளை ஏத்திக்கிறேன்."

பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு போடுவார்கள். அந்தத் துண்டு நான்.

காபியில் சர்க்கரை தூக்கல். என் பங்குதானே. தாராளமாகப் போட்டிருந்தார்கள். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

3 அக்டோபர்

பால்ராஜ் அண்ணன் கேட்டார், ஆச்சா என்று. ஆகிக்கொண்டிருக்கிறது என்றேன். திருநின்றவூரிலிருந்து ஒரு பெண் அந்த வேலையைக் கேட்டு வந்திருக்கிறாளாம். மெதுவாகத்தான் சொன்னார்.

11 அக்டோபர், திங்கள்

டியூஷன் விட்டுத் திரும்பும்போது தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர். அவர். பாஸ்கரன். நிச்சயத்துக்குப் பிறகும் என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர்.

அன்றைக்கு நான் போனபோது உள் அறையில்தான் இருந்தாராம். நான் பேசியதெல்லாம் கேட்டதாம்.

"திருமழிசைலேர்ந்து நீங்க நல்லாத்தான் ஓட்டினீங்க," என்றார் ஹேண்டில் பாரைப் பார்த்து. "அந்த பஸ் வந்தப்ப நானா இருந்தா பயந்திருப்பேன்."

அதை அன்றைக்கு அந்த வண்டியில் சொல்லியிருக்கலாம். மாமா வருவதற்கு முன் உங்கள் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை அவர் அம்மா திருவள்ளூர் போகிறார்களாம், வீரராகவர் கோயிலுக்கு. கார்டை எடுத்து வருகிறாராம். "ஒரு மணி நேரம். காட்டிட்டு நான் எடுத்துகினு போய் வெச்சிடறேன். அதுல மருமகள்னு கீது. அவங்க என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்."

அந்தக் கார்டைக் காட்டினால் என்ன எழுத வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

சரி என்று தலையாட்டினேன். இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை.

13 அக்டோபர், புதன்

முடிந்தது.

அதே கிளார்க். கார்டைப் பார்த்தார். "மருமகள். புருஷன் யாரு?"

"நாந்தான் சார்," என்றார் பாஸ்கரன். தயங்கவே இல்லை. நல்ல கணீர்க் குரல். அவருக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறதா? வீட்டில் அந்தக் குரலை எங்கே வைத்திருக்கிறார்? ஒரு கிளார்க் முன்னால் புருஷனாக இருக்க முடிகிறது. பெற்ற தாய் முன்னால் முடியவில்லை.

விண்ணப்பத்தில் தந்தை அல்லது கணவர் பெயர் என்று ஓர் இடம். பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. எழுதினேன். விலாசமும் காட்டுப்பாக்கம்.

பழைய புத்தகத்தை வாங்கிக்கொண்டு புதிதாக எழுதிக் கொடுத்தார்கள். புதுச் சட்டப்படி நாற்பது வயது வரை செல்லுமாம். "இனிமே இந்தப் பக்கமே வர வேணாம்மா," என்றார் கிளார்க், ஏதோ ஆசீர்வாதம் போல.

வெளியே வந்ததும் பாஸ்கரன் கார்டை பனியனுக்குள் வைத்துக்கொண்டார். அம்மா நாலு மணிக்குள் வந்துவிடுமாம். ஆபீஸ் வாசலைத் தாண்டி, தெரு திரும்பும்வரை ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போனார். அவருக்கு லைசென்ஸ் இல்லை.

நைனாவிடம் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. தன் பெயரின் எழுத்துகள் மட்டும் அடையாளம் தெரியும். பழைய லைசென்ஸில் என் பெயருக்குக் கீழே இருந்த துலுக்கானம் என்ற தன் பெயரை விரல் வைத்துக் காட்டுவார், வந்தவர்களுக்கெல்லாம். இன்றும் விரலை அங்கே வைத்தார். நகர்த்தினார். மேலே, கீழே. என்னிடம் கேட்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, பத்திரமா வை என்றார்.

23 அக்டோபர்

ஆயுத பூஜை. பால்ராஜ் அண்ணன் ஃபியட்டுக்கு மாலை போட்டு, என் லைசென்ஸையும் வாங்கிச் சாமி படத்தின் முன் வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார். வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினேன். எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

9 டிசம்பர்

பாடியில் சோதனை. இளவயதுப் போலீஸ்காரர், லைசென்ஸைப் புரட்டிப் பார்த்து, "மிஸ்டர் பாஸ்கரன் வண்டி ஓட்டமாட்டாரா மேடம்?" என்று சிரித்தார். பக்கத்தில் கற்றுக்கொள்ள வந்த குவார்ட்டர்ஸ் அம்மா. "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, சொல்லவே இல்லையே?" என்றார்.

மாட்டார் சார் என்றேன். வண்டியை எடுத்தேன்.

7 மார்ச் 1994, திங்கள்

தையில் அவருக்குக் கல்யாணம் ஆனது. மாமா வழியாகத் தெரியும். இன்று காலை ஜெகதாம்பாள் அம்மா ஆப்பிளும் பூவும் வைத்த தட்டோடு டிரைவிங் ஸ்கூலுக்கே வந்துவிட்டார்கள். கூடப் புது மருமகள். மஞ்சள் கயிற்றின் பளபளப்புக்கூடப் போகவில்லை. கார்டில் நானிருந்த இடத்தில் அவளை ஏற்ற வேண்டும். ரேஷன் ஆபீஸில், நீங்குகிற ஆளே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்களாம்.

தட்டைப் பார்த்தேன். போனபோது ஒரு தட்டு, வருவதற்கு ஒரு தட்டு.

முடியாது என்றிருக்கலாம். ஆனால் எனக்கும் அந்தக் கார்டிலிருந்து வெளியே வர வேண்டும். வண்டியில் ஏறுங்கள் என்றேன். ஜெகதாம்பாள் அம்மா ஒரு நிமிஷம் நின்றார்கள். பிறகு பின் ஸீட்டில் ஏறினார்கள், தட்டை மடியில் வைத்துக்கொண்டு. 'எல்' போர்டு போட்ட வண்டி, ஓ.டி. கடைத்தெரு முழுக்கப் பார்த்தது. அந்தப் பெண் முன்னால், என் பக்கத்தில்.

"காலை எடுத்துக்கோ," என்றேன். "அங்கயும் ஒரு பிரேக் கீது. சொல்லிக் குடுக்கறவங்களுக்கு."

அவள் புடவையோடு காலை இழுத்துக்கொண்டாள். கொஞ்சதூரம் போனபின் குனிந்து பார்த்துவிட்டு, "இதை மெதிச்சா நின்னுடுமாக்கா?" என்று கேட்டாள்.

ரேஷன் ஆபீஸ் ஆள் கார்டைப் பார்த்தார். "ஒரே புள்ள, ரெண்டு மருமகளா?" அதனால்தான் ஒருத்தியை எடுக்க வந்திருக்கிறோம் என்றார்கள் ஜெகதாம்பாள் அம்மா, அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லையென்றும் சொன்னார்கள். தாட்சாயிணி நான்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார். போட்டோ ஒட்டிய அத்தாட்சி என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. கொடுத்தேன். படித்தார்.

"கல்யாணமே நடக்கலன்றீங்க. இதுல பாஸ்கரன் மனைவின்னு சர்க்காரே எழுதிக் குடுத்திருக்கே. ஒண்ணு டைவர்ஸ் தீர்ப்பு வேணும், இல்ல இறப்புச் சர்டிபிகேட் வேணும். அது வர்ற வரைக்கும் நீங்க எடுக்கவும் முடியாது, இவங்களை ஏத்தவும் முடியாது."

ஜெகதாம்பாள் அம்மா லைசென்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "இது எப்பிடி? கார்டு எங்கூட்ல இல்ல இருந்துச்சு?"

"உங்க புள்ளையைக் கேளுங்க," என்றேன். பிசிறவில்லை. அடுத்த மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

எத்தனை மாசம் வைத்திருந்த வார்த்தை. அது அந்த அம்மாவைத் தைக்கும் என்று நினைத்தேன். தைத்தது. அவர்களுக்குப் பக்கத்தில் நின்றவளையும் தைத்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்த போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் ஆப்பிள் ஒன்று தட்டிலிருந்து விழுந்து வண்டிக்குள் உருண்டது. யாரும் எடுக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் ஜெகதாம்பாள் அம்மா இறங்கி முன்னால் நடந்துவிட்டார்கள். அவள் கதவைச் சாத்தத் தெரியாமல் நின்றாள். நான் குனிந்து இழுத்துச் சாத்தினேன். ஜன்னல் வழியாக அவள்தான் கேட்டாள்: "எங்கூட்ல நிச்சயத்தன்னிக்கே பேரை எடுத்துக் குடுத்துட்டாங்கக்கா. இப்ப நான் எதுல கீறேன்?"

இவ்வளவு நேரம் யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மருமவ, இவ, அந்தப் பொண்ணு. கேட்டேன்.

நாகவல்லி. அப்பன் வீட்டுக் கார்டில் இல்லை, புருஷன் வீட்டுக் கார்டில் இல்லை. இங்கே எழுதி வைக்கிறேன். ஓர் இடத்திலாவது இருக்கட்டும்.